இடம் சொல்லாத கூட்டம்

எங்கள் ஏரிகளில் பாஸ் மீன் கிடையாது. அது அமெரிக்காக்காரன் தன் ஊர்க் குளங்களில் பிடிக்கிற மீன். ஆனால் நாங்கள் வைத்திருந்த தூண்டில், ரீல், ரப்பர் தவளை, பேசிய பெருமை எல்லாமே பாஸ்காரர்களைப் பார்த்துக் கற்றவை. அவன் பாஸுக்கு எறிகிற தவளையை நாங்கள் விராலுக்கு எறிந்தோம். விரால் பாய்ந்து கவ்வியது. இந்த ஒரு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு யாரோ இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கினார்கள். சென்னை, வேலூர், பாண்டிச்சேரி என்று ஆள் சேர்ந்தது. என்னை மாடரேட்டர் ஆக்கினார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன் என்பதுதான் என் தகுதி. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற கழுதைதானே, இந்தப் பொதியையும் சுமக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

மாடரேட்டர் வேலை என்றால் ஏதோ நாட்டாமை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். மண்ணாங்கட்டி. உன் மீன் பெரிதா என் மீன் பெரிதா என்று வளர்ந்த ஆண்பிள்ளைகள் அடித்துக்கொள்வதை விலக்கிவிட வேண்டும். கெட்ட வார்த்தைகளைப் பொறுக்கி அழிக்க வேண்டும். இதெல்லாம் சில்லறை வேலை. மன்றத்தின் உயிர்நாடியான விதி வேறு. எந்த ஏரியில் பிடித்தாய் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் திருவிழாக் கூட்டம் நிற்கும், அதற்கடுத்த வாரம் வலைக்காரன் வருவான், பிறகு ஏரியில் தவளை மட்டும்தான் இருக்கும். ஆகவே யாராவது வாய் தவறி ஊர்ப் பெயர் எழுதினால் நான் அழிப்பேன். படத்தில் மீனுக்குப் பின்னால் ஒரு கோபுரமோ, மதகோ, பஞ்சாயத்து போர்டோ தெரிந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் படத்தை அனுமதிப்பேன். எங்கள் மன்றத்துப் படங்களில் ஆளும் மீனும் மேலே கொஞ்சம் வானமும்தான் இருக்கும்.

நேரில் கேட்டால்? அதற்கும் ஒரு மரியாதை உண்டு. சொல்ல மாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லக்கூடாது. வேறு திசையில் ஓர் ஊரைச் சொல்லிவிட வேண்டும். கேட்டவனும் அது பொய் என்று தெரிந்தே தலையாட்டிக்கொள்வான். இப்படிப் பேசிப் பேசி எங்களுக்கு வாயைத் திறந்தாலே எதிர்த்திசைதான் வரும்.

மன்றத்தில் எனக்கு ரொம்ப நெருக்கமான கூட்டாளி ஒருவன் இருந்தான், பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். மெத்தையில் உட்கார்ந்து புடவையைப் பிரித்துப் பிரித்துப் போடுகிற வேலை. கையில் மீன் வாடை வந்தால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார் என்று எலுமிச்சம் தோலைப் பையிலேயே வைத்திருப்பான். கடை முடிந்ததும் நேரே என் சென்டருக்கு வந்துவிடுவான். படம் எடுக்கும்போது மீனைக் கேமராவுக்கு முன்னால் நன்றாக நீட்டிப் பிடித்து, முழ நீள மீனை முதலை மாதிரி காட்டுவதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. "கை இன்னாத்துக்கு இவ்ளோ நீளமா இருக்குது தெரியுமா? சாமி குடுத்ததே இதுக்குத்தான்" என்பான். ரொம்ப அலட்டல்காரன். ஆனாலும் அவன் வராத நாள் எனக்கு எதிலும் பிடிப்பு இருக்காது.

ஒருநாள் வந்தவன் முகம் சரியில்லை. "வூட்ல எந்த ஏரின்னு சொன்னா அது சாயங்காலத்துக்குள்ள மச்சான் காதுக்குப் பூடுதுபா" என்றான். மச்சான் என்றால் அவன் மனைவியின் தம்பி. அவள் வெள்ளந்தியாக, மாமா இன்ன ஏரியில் இவ்வளவு பெரிய மீன் பிடித்தார் என்று தம்பியிடம் பெருமை பேசியிருக்கிறாள். தம்பி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வலை போட்டு வாரிவிட்டான். "பாம்பைக் கூட வுட்டு வைக்கலபா. இனிமே அவ கேட்டா எனக்கு எல்லா நாளும் வாலாஜாபாத்துதான்" என்றான். நான் சிரித்தேன். எங்களுக்கு அது சிரிக்கிற விஷயம்.

ஐப்பசி மழை நன்றாகக் கொட்டி, ஏரிகள் நிரம்பி, ஒரு நாள் வெயில் அடித்தது. அன்று அவனுக்கு வார லீவு. காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. தண்ணீரில் விழுந்துவிடும் என்று செல்போனை எப்போதும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவன்.

மறுநாள் காலையில் நான் சென்டரைத் திறக்கும்போதே அவன் மனைவி தம்பியோடு வாசலில் நின்றாள்.

"அண்ணா, அவரு வர்லண்ணா. வாலாஜாபாத் பக்கம் போறேன்னுதான் சொன்னாரு. உங்க கம்ப்யூட்டர்ல எதுனா எழுதி வெச்சுக்கீறாரா பாருங்கண்ணா."

வாலாஜாபாத் என்றால் வாலாஜாபாத் இல்லை என்று எனக்குத் தெரியும். எது நிஜம் என்று தெரியாது. தம்பியை மட்டும் தனியே கூப்பிட்டு, "அந்தப் பக்கம் இருக்காதுபா. நாங்க இடத்தை மாத்திதான் சொல்லுவோம்" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்கு நீங்க ஆயிரம் பொய் சொல்லிக்கினு இருங்க. எங்க மாமா அக்கா கிட்ட பொய் சொல்றவரு இல்ல" என்றான். அவனிடம் போய், உன்னால்தானப்பா அந்தப் பொய் என்று எந்த வாயால் சொல்வது? போலீசும் தீயணைப்பு வண்டியும் வாலாஜாபாத் பக்கம் போயின.

அவன் மன்றத்தில் போட்ட படங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். அவன், மீன், வானம். எந்தப் படத்திலும் ஒரு மரம்கூட இல்லை. அத்தனையும் என் கையால் வெட்டியவை. எரிச்சல் தலைக்கேறி, மன்றத்தின் முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டேன்: ஆளைக் காணோம், அவன் போகிற இடம் தெரிந்தவர் தயவுசெய்து சொல்லுங்கள், விதி கிதி எல்லாம் கிடக்கட்டும்.

கடவுளே, அவன் நல்லபடியாகத் திரும்ப வரவேண்டும் என்று நிறையப் பேர் எழுதினார்கள். இடத்தை மட்டும் ஒருவனும் எழுதவில்லை. சென்னையிலிருந்து ஒருவன் போன் செய்து, "பப்ளிக்ல கேக்காதீங்க சார், நல்ல ஸ்பாட்டா இருந்தா போயிடும்" என்றான். அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

எனக்குத் துணையாக இன்னொரு மாடரேட்டர் இருந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வங்கியில் வேலை. பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். அவர் மீனைப் பிடித்து, ஒரு படம் எடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அவர் வீட்டில் மீன் என்ற பேச்சே எழ முடியாது. தூண்டில் என் சென்டர் பரணில்தான் இருக்கும். ஆபீஸ் இன்ஸ்பெக்ஷன் என்று சொல்லிவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போவார். அவரும் இவனும் சில சமயம் சேர்ந்து போவார்கள் என்று தெரியும். அவர் வீட்டுக்கே போன் செய்து, எந்த ஏரி என்று கேட்டேன்.

ஒரு நொடிதான் யோசித்தார். "வாலாஜாபாத் தாண்டி ஒரு ஏரி... அங்கதான் இருக்கும்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவன் மனைவியிடம் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறான், நான்தான் சந்தேகப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நானே போலீசுக்குப் போன் செய்து, வாலாஜாபாத்தை விடாதீர்கள் என்று சொன்னேன். அன்று பொழுது சாய்கிற வரை அங்கே ஏரி ஏரியாகத் துழாவினார்கள். அவன் மனைவி கரையில் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

அதற்கு மறுநாள் காலை அந்த வங்கிக்காரர் என் சென்டருக்கு வந்தார். ஆபீஸ் போகிற சட்டை, நெற்றியில் திருமண், முகத்தில் ரத்தமே இல்லை.

"அது வாலாஜாபாத் இல்லைப்பா. கூரம் தாண்டி உள்ளே ஒரு ஏரி. யார் கேட்டாலும் வாலாஜாபாத்னு சொல்றதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிண்டிருந்தோம். நீ கேட்டதும் வாயில அதுதான் வந்துடுத்து. ஆத்துல எல்லாரும் பக்கத்துல நின்னுண்டிருந்தா. அப்புறம் மாத்திச் சொல்ல தைரியம் வரலை."

"யோவ், நீயெல்லாம் மனுஷனாய்யா?" என்று கத்தினேன். அடிக்கக் கையும் ஓங்கிவிட்டேன். அவர் விலகவில்லை, அடி என்பது போல நின்றார். பைக்கை எடுத்து அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். வாலாஜாபாத் ஒரு மூலை என்றால் கூரம் இன்னொரு மூலை. வழியெல்லாம் அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மன்னிப்பா மந்திரமா என்று நான் கேட்கவில்லை.

ஏரிக்கரை வேப்பமரத்தடியில் மொபெட் நின்றிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "முந்தா நேத்துலருந்து நின்னுக்கினு இருக்குதுபா. யாரோ ஏரிய அளக்க வந்த ஆபீசருன்னு நெனச்சோம்" என்றாள். மதகை ஒட்டிய பள்ளத்தில், கொடிகளுக்கு நடுவில் அவன் கிடந்தான். ரப்பர் தவளை கொடியில் சிக்கியிருக்கிறது. அதை எடுக்க இறங்கியிருக்கிறான். எங்களில் யாராக இருந்தாலும் இறங்கியிருப்போம். கரையில் ஒரு பையில் எலுமிச்சம் தோல் காய்ந்து கிடந்தது.

போன அன்று காலையிலேயே உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதாவது நாங்கள் சரியான ஏரிக்குப் போயிருந்தாலும் அவன் பிழைத்திருக்க மாட்டான். இதைச் சொல்லி எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆனால் இரண்டு நாள் தண்ணீரில் ஊறிய உடம்பை மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்க விடவில்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மன்றத்தில் அஞ்சலிப் பக்கம் திறந்தேன். பூப்படமும் மெழுகுவத்திப் படமுமாக வந்து குவிந்தது. அதற்கு நடுவில் எனக்குத் தனிச் செய்தியில் ஒருவன் கேட்டிருந்தான்: மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு பிரதர், அது எந்த ஏரி, அங்கே சைஸ் எப்படி? அவனை மன்றத்தை விட்டே நீக்கினேன். பிறகு மாடரேட்டர் பட்டியலிலிருந்து என் பெயரையும் நானே எடுத்துவிட்டேன்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து அவள் என்னை வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினாள். போனேன். தம்பி நிலைப்படியில் சாய்ந்து நின்றான். மாமா போன பிறகு அக்காவுக்கு எல்லாமே அவன்தான் என்றார்கள். அழுது அழுது அவள் குரல் கட்டைக் குரலாக மாறியிருந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. வாலாஜாபாத்துன்னு சொல்லிட்டு கூரத்துல அவருக்கு இன்னா வேலை? அங்க யாரு இருக்காங்க?"

"ஐயோ, யாரும் இல்லம்மா."

"அவரு தங்கச்சியே கேக்குறாங்க. தெருவே கேக்குது. அங்க ஒருத்தி இருக்காளாம், அவ வூட்டுக்குப் போற வழியில வுழுந்துட்டாராம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கூட்டாளிய வுட்டுக் குடுக்க மாட்டீங்க, அவ்ளோதான்."

நாங்கள் எல்லோருமே இடத்தை மாற்றித்தான் சொல்வோம், அது எங்கள் கூட்டத்தின் வழக்கம் என்று எடுத்துச் சொன்னேன்.

"ஊருக்கு சொல்லட்டும்ணா. எனக்கு இன்னாத்துக்கு?"

இதுதான் கேள்வி. பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால், நீ தம்பியிடம் பேசிய பேச்சால்தான் அவன் உன்னிடமும் பொய் சொன்னான், அதனால்தான் எல்லோரும் வேறு ஏரியைத் துழாவினார்கள் என்று பழியை அவள் தலையில் ஏற்றுவதாக ஆகும். தம்பி தலையிலும்தான். சொல்லாவிட்டால், இல்லாத ஒருத்தியோடு அவள் காலமெல்லாம் குடும்பம் நடத்த வேண்டும். செத்தவனுக்கும் கெட்ட பெயர்.

"தம்பியக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லும்மா" என்றேன்.

"அவன் இருக்கட்டும். எனக்குத் தெரியாதது அவனுக்கு ஒண்ணும் இல்ல."

சொன்னேன். போன வருடத்து ஏரி, அவள் தம்பியிடம் பேசிய பெருமை, வலை, சென்டரில் அவன் புலம்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். தம்பி பாதியிலேயே செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டான். அவள் அவனைக் கூப்பிடவில்லை.

"அப்ப அங்க ஒருத்தியும் இல்ல."

"சத்தியமா இல்லம்மா."

"இருந்திருக்கலாம்ணா" என்றாள். "அப்பிடி ஒருத்தி இருந்திருந்தா, அவளாவது அன்னைக்கே வந்து, இங்கதான் கெடக்குறாருன்னு சொல்லியிருப்பா. நான் மொகத்தப் பாத்திருப்பேன்."