இறுகிய வளையல்கள்

ஜீவராணி அக்கா இறந்த செய்தி காலை ஆறே காலுக்கு வந்தது. அவருடைய கணவர் அழகுமுத்து அண்ணன்தான் பேசினார். "ஒங்க அக்கா எழும்பலம்மா" என்றார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நாற்பத்தொன்பது வயது.

கொட்டகலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். தேயிலைத் தோட்டத்துக் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் எப்போது, ஏன் ஏறுகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் அளந்து வருவது அக்காவின் வேலை. அவர் கொண்டுவருவதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. சில நாட்கள் நானும் கூடப் போவேன். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கினால், "பட்டம் குடுத்தவங்க நடக்க சொல்லித் தரலியா?" என்பார். அவர் அந்த மேடுகளில் கொழுந்து பறித்தவர்.

அக்கா இறப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பு, பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிஷாந்தி என்ற பெண்ணைப் பார்க்கப் போனோம். தலைப்பிள்ளை. வளைகாப்பு முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மாமியார் சண்முகவடிவு வாசலிலேயே பெருமையோடு நின்றார்.

"பாருங்க, மருமக மொகம் எப்புடி பூரிச்சிருக்குன்னு. எல்லாம் என் சமையல்."

அக்கா சிரித்தபடி நிஷாந்தியின் கையைப் பிடித்து, கண்ணாடி வளையல்களை மேலே தள்ளினார். அவை அசையவில்லை. சதைக்குள் பதிந்திருந்தன.

"பூரிப்புன்னா மொகத்தோட நிக்கணுமே. தல வலிக்குதா தங்கச்சி?"

"ரெண்டு நாளா, அக்கா. கண்ணும் மங்கலா இருக்கு."

அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. அக்கா மறுபடியும் அளந்தார். பிறகு என்னிடம் ஆட்டோவுக்குப் பேசச் சொன்னார்.

சண்முகவடிவு வழியை மறித்தார். "ஆஸ்பத்திரியில ஊசி போடுறோம்னு வளையல ஒடப்பாங்க. புள்ள பொறக்குறதுக்கு முன்ன மருமக கைய மூளியாக்க நான் விட மாட்டேன். ஒங்களுக்குத் தெரியாதா, நீங்களும் வளையல் போட்டவங்கதானே?"

"போட்டேன்மா. எனக்கும் இப்புடித்தான் இறுகுச்சு. பூரிப்புன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் வலிப்பு வந்துருச்சு." அக்கா குரலை உயர்த்தவில்லை. "என் கையில ஒரு வளையல்கூட ஒடயல. எல்லாம் முழுசா இருந்துச்சு. புள்ளதான் இல்ல."

எனக்கும் அது அன்றுதான் தெரியும்.

சண்முகவடிவு உள்ளே போனார். சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டுவந்து நுரை போட்டுக் கழற்றிப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தன் சேலைத் தலைப்பை மருமகளின் கையில் சுற்றி, கீறல் படாமல், ஒவ்வொன்றாக அவரே உடைத்தார். "மாரியாத்தா, நான்தான் ஒடச்சேன், அவ இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. எடை குறைவு, ஆனால் நன்றாக அழுததாம். சண்முகவடிவு அலைபேசியில் அந்த அழுகையையே அக்காவுக்குக் கேட்கவைத்தார். அக்கா வெகுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பிள்ளை பிறந்தபின் சிலருக்கு அழுத்தம் இறங்குவதில்லை. அக்காவுக்கும் இறங்கவில்லை, மாத்திரையோடுதான் இத்தனை வருடம் ஓடினார். அதனால்தான் ஆறு வாரம் கழித்துத் தாயை இன்னொரு முறை அளக்கிறோம்.

நிஷாந்திக்கு ஆறு வாரம் நேற்றோடு முடிந்தது. இன்னும் அளக்கவில்லை.