திருப்பாத கூட்டுக் கதவு

தக்காளி வளரும் கண்ணாடிக் கூடத்தில் அவளுக்கு வண்டுக்காரி என்று பட்டப்பெயர். அட்டைப்பெட்டிக் கூடுகளில் குடியிருக்கும் குண்டுத் தேனீக்கள் அவள் பொறுப்பு. தக்காளிப்பூ லேசில் மகரந்தம் தராது, குழாய்க்குள் இறுக்கி வைத்திருக்கும். குண்டுத் தேனீ பூவைக் கடித்துத் தொங்கி, உடம்பையே உதறி ர்ர்ர் என்று முரலும். அந்த நடுக்கத்தில் மகரந்தம் பொலபொலவென்று உதிர்ந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

“புருஷன் வந்தானான்னு பார்க்கிறியோ இல்லையோ, இதுங்க கூட்டுக்கு வந்துச்சான்னு பார்த்துடுறே!” என்று பழம் பறிக்கும் பெண்கள் சீண்டுவார்கள். அவளும் சிரித்து வைப்பாள். வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து புருஷன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று ஏங்கியே அவள் பாதியாகிவிட்டாள்.

அவன் அதே கூடத்தில் பூச்சிமருந்து அடிப்பவன். மருந்துக்கு முந்தின சாயங்காலம் அவள் கூட்டுக் கதவைத் திருப்பிவிட வேண்டும். திருப்பிவிட்டால் தேனீக்கள் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. எல்லாம் அடங்கியதும் பெட்டிகளை வெளியே தூக்கி வைத்துவிட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டுவாள். துணியைப் பார்த்த பிறகுதான் அவன் மருந்தைத் தொட வேண்டும்.

அன்று அவள் கதவில் கை வைக்கப் போன நேரம், அவன் வந்து நின்றான்.

“கிளம்பு. சேர்ந்தே நடந்து போலாம்.”

“நானா?”

“பின்னே, உன் தேனீயையா கூப்பிடுறேன்?”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவு, துணி, எல்லாம் மறந்தே போயிற்று. வழியெல்லாம் அவன் பேசினான், அவள் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

காலையில் அவன் முன்னால் கிளம்பிவிட்டான். பாத்திரம் கழுவும்போது அவளுக்குச் சுரீரென்று நினைவு வந்தது. ஈரக் கையோடு ஓடினாள். கூடத்துக்குள் மருந்துப் புகை வெள்ளையாக நின்றது. நடைபாதை நெடுக, காலில் ஒட்டிய மகரந்தத்தோடு தேனீக்கள் மல்லாந்து கிடந்தன.

“யார் பார்த்த வேலை இது?” என்று கத்தினார் மேற்பார்வையாளர்.

“இவதான் சார். கதவைத் திருப்பிட்டேன்னு சொன்னா. நம்பி அடிச்சேன்” என்றான் அவன்.

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. அவன் துணியைத் தேடவும் இல்லை.

“அப்படியாம்மா?”

இல்லை என்று சொன்னால் அவன் வேலை போகும். நேற்றுப் பேசிய வாய் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

“ஆமா சார். சொன்னேன்.”

“நாளையிலேருந்து வராதே.”

வாசலில் அவனை எட்டிப் பிடித்தாள். “என்னங்க, ஒரு வார்த்தை பேசுங்களேன்.”

அவன் முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.