மேய்ச்சல் காட்டு டீச்சரம்மா

செருப்பில் அப்பிய கரிசலைக் குச்சியால் சுரண்டிக்கொண்டேதான் ஷாஜாதி முதல் கேள்வியைக் கேட்பார். "இந்த மழைக்கு என்ன புல்லு மொளைச்சிருக்கு?" பதில் வரும்வரை தலை நிமிர மாட்டார். நிமிர்ந்தால், எதிரில் இருப்பவர் கூச்சப்பட்டு ஷாஜாதிக்குப் பிடித்தமான பதிலைச் சொல்லிவிடுவார். பதினெட்டு வருட அனுபவம்.

மானிடவியல் ஆய்வாளர். மண்ணோடும் மழையோடும் ஆடுமாடுகளோடும் மனிதர்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று எழுதிவைப்பது தொழில். நாகலாபுரம் பக்கம் டீச்சரம்மா என்பார்கள். திருத்தித் திருத்திச் சலித்து, இப்போது அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கிறார். கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஹாரூனுக்கு இன்னும் பிடிபடவில்லை. "ஆடு மேயுதத வேடிக்கை பாக்கதுக்கு ஒரு படிப்பாம்மா?" ஷாஜாதி இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் தானாகவே விழிப்பு வந்துவிடும்.

நாகலாபுரத்தில் முப்பது வெள்ளாடு வைத்திருக்கும் பெத்தம்மாள்தான் அவரைக் கேலி செய்பவர். "எட்டு வருசமா இதையே கேக்குதீங்க. எங்க ஆட்டுக்கே உங்க மொகம் தெரியும்."

இந்த வருடம் அந்த ஊர் மேய்ச்சல் நிலத்தில் சோலார் தகடு பதிக்க ஒரு கம்பெனி வந்தது. அங்கே யாருக்கு என்ன புழக்கம் என்று விசாரித்துச் சொல்லும் வேலையைக் கம்பெனிக்காரர்களே ஷாஜாதியிடம் கொடுத்தார்கள். அறுபத்திரண்டு வீட்டு ஆடுகள் எந்த மாதம் எங்கே மேய்கின்றன என்று வெயிலில் அலைந்து எழுதிக் கொடுத்தார். ஊர்க் கூட்டத்தன்று மேடையில் அந்த அறிக்கையின் அச்சுப் பிரதியைக் கையில் தந்தார்கள். அவர் பெயர் இருந்தது. அதற்கு மேலே, 'யாருக்கும் பயன்படாத தரிசு' என்றிருந்தது. அவர் எழுதிய ஆடுகளைக் காணோம். இதற்கு முன் இரண்டு ஊர்களில் இப்படி நடந்தபோது, வாய் திறக்காமல் பஸ் ஏறிவிட்டவர் அவர்.

கீழே ஜமக்காளத்திலிருந்து பெத்தம்மாள் குரல் கொடுத்தார். "டீச்சரம்மா எல்லாத்தையும் எழுதிருக்காவ. அவியளையே வாசிக்கச் சொல்லுங்க!"

கம்பெனி மேலாளர் மணிராஜ் சிரித்த முகமாக மைக்கை நீட்டினார். "சுருக்கமா வாசிச்சிருங்க மேடம்."

ஷாஜாதி அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தார். "இது நான் எழுதுனது இல்ல," என்றார். ஒயர் இழுபட மைக்கோடு மேடையை விட்டு இறங்கினார். பெத்தம்மாளின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார்.