மொட்டு விரியுமுன் மலையைத் தாண்டணும்

கடகடவென்று கல் உருளும் சத்தம் முதலில் வரும். வெள்ளம் அப்புறம்தான் கண்ணில் படும். சங்கரன்கோவிலிலிருந்து மலை தாண்டிக் கேரளாவுக்குப் பூ ஏற்றிப் போகிறவனுக்குக் காதுதான் முதல் ஹெட்லைட். ராத்திரி வண்டி ஓட்டும் சகாக்களே, மழைக்காலத்தில் நீங்களும் பட்டிருப்பீர்கள்.

லோடு

அன்றைக்கு முழுக்கப் பிச்சி மொட்டு. ஐஸ் கரைவதற்குள் போய் இறங்க வேண்டும். விரிந்த பூவை அங்கே யாரும் தொட மாட்டார்கள். மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. "மழை விட்டதும் கிளம்புதேன்" என்றேன். பூக்கடை முதலாளி நிமிரக்கூட இல்லை.

"மலையில பெய்யுத மழை உம்ம தலையிலயா விழுது? எடும்வே வண்டியை."

தரைப்பாலம்

மெயின் ரோட்டில் மரம் விழுந்து, அடிவாரச் சாலையில் திருப்பிவிட்டார்கள். தரைப்பாலத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டேன். பாலத்தின் மேல் முழங்கால் அளவு செந்தண்ணீர். முதலாளிக்குப் போன் போட்டேன். "மொட்டு விரிஞ்சா சாவியைக் குடுத்துட்டுப் போயிரும்" என்றார். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இந்த வண்டியை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. ஆனாலும் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே போட்டுச் சாவியை உருவினேன். பின்னால் வந்த மினிபஸ் கண்டக்டர், "உம்ம பயத்துக்கு எங்க பஸ்ஸும் நிக்கணுமாக்கும்?" என்று கத்தினார்.

அரைமணி நேரம் இருக்கும். பாலத்தின் நடுப்பகுதி அப்படியே பெயர்ந்து போனது. கண்டக்டர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, வண்டி அங்கனயே கெடக்கட்டும்."

விரிந்தது

நள்ளிரவில் ஐஸ் கரைந்து மொட்டெல்லாம் வாய் திறந்துவிட்டது. மினிபஸ்ஸில் மில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள் இருந்தார்கள்; வீடு போக வழியில்லாமல் இரண்டுபேர் அழுதுகொண்டிருந்தார்கள். எப்படியும் போகப்போகிற வேலைதானே என்று மூட்டையை அவிழ்த்து மடி மடியாக அள்ளிக் கொடுத்தேன். விடிவதற்குள் அத்தனை தலையிலும் பிச்சி. அழுதவர்களில் ஒருத்தி சிரித்தாள்.

"வீட்டுக்காரரு கேட்டா, வெள்ளம் வாங்கித் தந்துச்சுன்னு சொல்லிக்கிடுதேன்!"

சாவி

மறுநாள் கடை மேசையில் சாவியை வைத்தேன். "பூவை அள்ளிக் குடுத்தது நான்தான். இன்னொரு தடவை இப்படி வெள்ளம் வந்தாலும் பாலத்துல வண்டியை விட மாட்டேன்" என்றேன். முதலாளி சாவியைத் தொடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"பாலம் போயிருச்சாமே... வண்டி நாறப்போகுது, கழுவிப் போடும்."

பூ விரிகிற நேரத்தை என்னால் தள்ளிவைக்க முடியாது, நான் சாகிற நேரத்தைக் குறித்துத் தர எந்தக் கடைக்கும் உரிமை கிடையாது என்று முனகிக்கொண்டே, சாவியை எடுத்து இடுப்பில் செருகி வாளியில் தண்ணீர் பிடித்தேன்.