கொக்கி உடைந்த ஒற்றைத் தோடு

நேற்று என் ஒன்றரை வயது மகள் பீரோவின் அடித்தட்டைக் குடைந்து, ஒரு சிவப்புக்கல் தோட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அலறிக்கொண்டு விரலை விட்டு எடுத்தேன். எடுத்ததும் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளையின் வாயைப் பார்க்குமுன் தோட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் நாள் முழுக்க அவள் இருமினாலே எனக்குப் பகீரென்றது.

விரலில் ஒட்டிய பித்தளை வாடைதான் முன்பு நான் வேலை பார்த்த கடைக்கு நினைவைக் கூட்டிப்போனது. பி.காம். முடித்த கையோடு சிம்மக்கல் பக்கம் ஒரு கவரிங் கடையில் இருந்தேன். பழைய நகைகளைப் பார்த்து, முலாம் பூச அனுப்புவது என் வேலை. கல்லின் முதுகைத் தகடு மூடியிருந்தால் பெரும்பாலும் பழசு. கல்லை உதட்டில் வைத்தால் சில்லென்று இருப்பது கண்ணாடி. பிளாஸ்டிக் அப்படி இருக்காது. ஆமாம், நானும் வாயில்தான் வைத்தேன். மகளைச் சொல்லி என்ன?

ஒருநாள் பஞ்சவர்ணம் அக்கா வந்தார். நாடகங்களில் ராணி வேஷம் கட்டுகிறவர். கைக்குட்டையைப் பிரித்தால் ஓர் அட்டிகை, கொக்கி உடைந்த ஒற்றைத் தோடு.

"திருவிழாவுல நாடகம் இருக்கு தாயி. கூட நடிக்கிறவளுக இத ஈயம் பித்தளைங்கிறாளுக. எம்புட்டுப் பெறும், பாத்துச் சொல்லு."

நான் கல்லை உதட்டில் வைத்ததும் சிரித்துவிட்டார். "காலேஜு படிச்ச புள்ள கல்ல நக்கிப் பாக்குது!"

எனக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. கையால் பதித்த கண்ணாடிக் கற்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் மினுக்குத் தாள். சிவப்பு அதிலிருந்துதான் எரிந்தது. "இந்தக் கடையில இருக்கிற எல்லாத்தையும் விட இது ஒசத்திக்கா" என்றேன்.

அவர் கழுத்து ஓர் அங்குலம் நிமிர்ந்தது. "அப்ப முலாம் போட்டுப் பளபளன்னு ஆக்கிரு. அவளுக பாக்கட்டும்."

முலாம் தொட்டியில் முக்கினால் அந்தத் தாள் என்ன ஆகும்? முதலாளியிடம் கேட்கலாமா, கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பாரோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அட்டிகையோடு பட்டறைக்குப் பை போய்விட்டது. கொக்கி மாற்றவேண்டிய தோடு மட்டும் மேசையில் நின்றது.

திரும்பி வந்த அட்டிகையில் பித்தளை ஜொலித்தது. அடியிலிருந்த தாள் நனைந்து, கற்களெல்லாம் நாவற்பழமாய்க் கறுத்திருந்தன.

அக்கா அதைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். அழுதது நான்தான்.

"அழுகாத தாயி. கீழ உக்காந்து பாக்குறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்." அட்டிகையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டே, "நாந்தான் கிட்டக்க பாத்துட்டேன்" என்றார். தோட்டை என் பக்கம் தள்ளினார். "ஒத்தைய வச்சு நான் என்ன செய்ய? நீயே வச்சுக்க."

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அக்கா எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கவேண்டும் என்று நினைத்தே வருடங்கள் போய்விட்டன. அந்த அட்டிகை எப்படிச் சிவந்திருந்தது என்பதற்கு இந்தத் தோடு ஒன்றுதான் மிச்சம்.

எச்சில் பட்டதைக் கழுவலாம் என்று குழாயைத் திறந்துவிட்டேன். உடனே மூடினேன். சேலைத் தலைப்பால் துடைத்து, மேல்தட்டில் வைத்தேன்.