அட்டைக்கு எழுதிய கதைகள்

என் மனைவி விசாலாட்சி மாத நாவல் எழுதியவள். பஸ் நிலையக் கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தப் புத்தகங்கள்தான். திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தாள். மதியம் சாப்பிட்ட பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துணி துவைக்கும்போதும் எழுதுவாள். அட்டையில் 'விசாலி' என்று பெயர் இருக்கும். அது அவள்தான் என்று அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் படித்ததில்லை. சென்ற மாசியில் காலமானாள்.

அந்தத் தொழிலில் அட்டைதான் முதலில் வரும். பதிப்பாளர் இருதயராஜ் சென்னையில் இருந்தார். நாலு வர்ண அட்டைகளைச் சிவகாசியில் மொத்தமாக அச்சடித்து வைத்துக்கொண்டு, எழுதுகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்புவார். அட்டையில் மோட்டார் சைக்கிள் இருந்தால் கதையில் மோட்டார் சைக்கிள் வர வேண்டும். ஒருமுறை அருவி வந்தது. திண்டிவனத்தில் அருவிக்கு எங்கே போவது? கதாநாயகனைக் குற்றாலத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போக வைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எண்பத்து நாலில் அம்சா அந்தக் கேள்வியைக் கேட்டார். அம்சா, விசாலாட்சியின் பெரியப்பா மகனுடைய மனைவி. ஐம்பதைத் தாண்டியவர். கிளியனூரில் கணவர் இறந்த பிறகு தனியாகவே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்கத் திண்டிவனம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, புதிதாக வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவார்.

"ஏன் விசாலம், உன் கதைல எங்க வயசுக்காரி வந்தா ஒண்ணு காபி போடறா, இல்ல நெஞ்சப் புடிச்சிக்கினு செத்துப் போறா. எங்களுக்கு வேற வேலையே இல்லியா?"

"வேற இன்னா பண்ணணும் அண்ணி?"

"இன்னாவோ பண்ணட்டும். மொதல்ல உசுரோட இருக்கட்டும்."

விசாலாட்சி சிரித்தாள். ஆனால் அடுத்த பல நாட்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். விழுப்புரம் ரயில்வே காலனியில் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்ற ரயில் கார்டு ஒருவர், அதே தெருவில் ஐம்பத்து நாலு வயது விதவை ஒருத்தி. இருவருக்கும் காதல். கதை முழுவதும் அவள் தலைக்குள் வந்துவிட்டது. இருவரையும் இன்ன வயது என்று சொல்லியே புத்தகத்தில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு முன் எந்தக் கதைக்கும் அவள் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இருவருமாகச் சென்னைக்குப் போய் இருதயராஜிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கதை நல்லாருக்கும்மா. வயசுல மட்டும் ஆளுக்கு ஒரு முப்பது கொறைச்சிடுங்க. மத்ததுல கை வைக்க வேணாம்."

"பல்செட்டு வருதுங்களே."

"அதை எடுத்துடுங்க."

"அந்தம்மாவுக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு."

"தங்கச்சின்னு வச்சிடுங்க. தோ பாருங்கம்மா, பஸ்சுக்கு நிக்கறவன் கெழவன் கெழவி காதலையா வாங்குவான்? முடியலன்னா சொல்லிடுங்க, எழுத ஆள் இருக்கு."

திரும்பி வரும்போது பஸ் மேல்மருவத்தூரைத் தாண்டியது. அவள் சொன்னாள்: "கொறைச்சிப் பாத்தேங்க, மனசுக்குள்ளயே. இருபத்தெட்டு வயசுல ஒருத்தன் மாத்திரைய மறந்துட்டு வந்துட்டான்னு அவ ஓடறா. படிக்கறவங்க அவன ஆஸ்பத்திரிலதான் சேப்பாங்க."

அடுத்த வாரம் அட்டை வந்தது. மஞ்சள் தாவணி போட்ட பெண் ஒருத்தி, தலை நிறைய மல்லிகை, கையில் தட்டு, தட்டில் காபி டம்ளர்கள். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் புரியும். விசாலாட்சி அதை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து, சமைக்கும்போதெல்லாம் பார்த்தாள்.

இருதயராஜுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் அத்தியாயத்தைப் படிப்பார். அட்டைக்குப் பொருந்துகிறது என்றால் அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார். மாதம் ஏழெட்டுப் புத்தகம் போடுகிறவர் வேறென்ன செய்வார்?

முதல் அத்தியாயத்தில் மஞ்சள் தாவணிப் பெண் தலை வாரிப் பூ வைத்துக்கொள்கிறாள். வீடு பெருக்கியாகிறது. தட்டில் காபி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வருகிறாள். அங்கே அத்தியாயம் முடிகிறது. இரண்டாவது அத்தியாயத்தின் முதல் வரியில், எதிரே உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் அந்தப் பெண் கேட்கிறாள்: "எங்கம்மாவை நல்லா வச்சிப்பீங்களா?" பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் இல்லை. பெண்தான் அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாள்.

கட்டி முடித்த பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசாலாட்சி என்னைக் கேட்டாள். "இது ஏமாத்து வேலைங்களா?"

"அட்டைல இருக்கற பொண்ணு கதைல இருக்காளா?"

"இருக்கா."

"காபித் தட்டு?"

"அதுவும் இருக்கு."

"அப்பறம் இன்னா?"

"தெரிஞ்சா இதோட நிறுத்திடுவாரு. இனிமே எழுத முடியாது."

"அனுப்பலாமா, வேணாமா?"

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு தானே தபால் நிலையத்துக்குப் போனாள்.

புத்தகம் வெளிவந்தது. ஐம்பத்து நாலு, ஐம்பத்தெட்டு என்று எழுத்தில் அச்சாகியிருந்ததை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். பெரியவரின் பல்செட்டும் பத்திரமாக இருந்தது. அம்சா ஒரே மூச்சில் படித்துவிட்டு வந்து, "கடைசி வரைக்கும் யாரும் சாவலயே, ஏன்?" என்று கேட்டார். அவர் முகத்தில் அத்தனை திருப்தி.

அதற்கடுத்த மாதம் இருதயராஜ் புதுச்சேரிக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கோபமா என்று முகத்திலிருந்து தெரியவில்லை.

"பைண்டிங் ஆவும்போதுதாம்மா படிச்சேன். அந்தப் பொண்ணு யாருக்கு மாப்ள பாக்குது?"

"அவங்கம்மாவுக்குங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லித்தானே மெட்ராசுக்கே வந்தேன்."

அவர் காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"விக்கலீங்களா?" என்று நான் கேட்டேன்.

"எப்பவும் போலத்தான் சார் வித்துது. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அதான் பேஜாரா இருக்கு. அப்ப இத்தினி நாளா எதுக்குத்தான் வாங்கறானுங்க?" பிறகு அவளிடம் திரும்பினார். "அடுத்ததும் இப்படித்தானா?"

"ஆமாங்க. வேணாம்னா சொல்லிடுங்க, நான் நிறுத்திக்கறேன்."

அவர் வேணும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொடுத்த மல்லாட்டையை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அந்த மாதம் தபாலில் எதுவும் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. விசாலாட்சி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சேர்ந்து துணி பிழிந்தாள்.

ஆவணியில் ஒரு நாள் அட்டை வந்தது. பிரித்துப் பார்த்தவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அதே பெண், அதே தட்டு, அதே டம்ளர்கள். ஓவியரைக் கூப்பிட்டுத் தாவணியைப் புடவையாக்கியிருந்தார்கள். ஒரு மூக்குக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். தலையில் இடது பக்கம் மட்டும் வெள்ளை தடவியிருந்தார்கள். வலது பக்கத்தை மறந்துவிட்டாரோ, மல்லிகைப் பூ மறைக்கிறது என்று விட்டுவிட்டாரோ தெரியவில்லை. கன்னம் மட்டும் இருபது வயதிலேயே இருந்தது.

அட்டையில் இருப்பது கதையில் இருக்க வேண்டும். அன்றைக்கே எழுத உட்கார்ந்தாள். முதல் அத்தியாயத்தில், தலை ஒரு பக்கம் மட்டும் நரைத்திருக்கிற அந்த அம்மாளிடம் பெரியவர் கேட்கிறார், அது ஏன் அப்படி என்று.

"பஸ்சுல நீங்க எப்பவும் அந்தப் பக்கமாத்தானே உக்கார்றீங்க," என்கிறாள் அவள். "ஓயாம பேசிக்கினு. நரைக்காம இன்னா பண்ணும்?"

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நாங்கள் போய் வந்த எத்தனையோ பஸ்களில், நான் விசாலாட்சிக்கு இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன்.