ராகி இரையில் கொசு மருந்து வாசம்

போன வருடம் டெங்கு வந்து என் மகள் பிழைத்ததே பெரிது. அந்த நடுக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஞாயிறன்று மைசூருக்கு வெளியே ஏரியில் மீன் பிடிக்கக் கிளம்பியவளோடு நானும் தொற்றிக்கொண்டேன்.

கரையில் அவள் கைகால் முழுக்கக் கொசு மருந்து பூசிவிட்டேன். அதே கையோடு ராகி மாவை இரைக்குப் பிசைந்தேன். ஒரு மீனும் தொடவில்லை.

மாவை முகர்ந்து பார்த்தாள். "மீனுக்கும் டெங்கு வரும்னு பயமாம்மா?" என்றாள். பிறகு மெதுவாக, "உன் பயம் இல்லாம ஒரு நாள் இருக்கத்தான் இங்க வர்றேன், அஷ்டே, அவ்வளவுதான்" என்றாள்.

கையைக் கழுவி, புது மாவு பிசைந்து எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டாள்.

அங்கே அவள் முழங்கையில் பட்டென்று அடித்துக்கொள்வது தெரிந்தது. மருந்தோடு எழுந்தேன். அதற்குள் தூண்டில் வளைந்தது. அவள் கத்திச் சிரித்தாள். என் பக்கத்தில் அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.